சிவப்பு எண் கப்பல்கள்

கலெக்டர் மூன்றாவது நாளாகவும் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருக்கிறார் என்று டிவியில் எழுத்து ஓடிய அந்தப் புதன்கிழமைதான், படித்துறைத் தெருவின் இருபத்திரண்டு வீடுகளில் இருபத்தொரு வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமாக ஆற்றோடு போயின. யாரால் போயின என்று கேட்டால் தெருவே மங்கையர்க்கரசியைத்தான் கைகாட்டும், அவளும் இல்லையென்று சொல்ல மாட்டாள்.

மங்கை ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். ஒன்பதாம் மாதம் என்று லீவு போட்டுவிட்டு வீட்டோடு இருந்தவளைப் பிள்ளைகள் விட்டால்தானே. மழை தொடங்கிய முதல் நாளே, ஏழு வயது மகள் தாமரையைச் சாக்காக வைத்துக்கொண்டு, தெருப் பிள்ளைகள் பதினாலு பேர் ஈரக்காலோடு அவள் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள், அவர்களைப் பெற்றவர்களும் டீச்சர் வீட்டில்தானே இருக்கிறதுகள் என்று கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். முதல் நாள் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்துப் பூப்பூவாக அச்சுக் குத்தினார்கள், இரண்டாம் நாள் தீக்குச்சியில் வீடு கட்டினார்கள், அவளுடைய வளைகாப்பில் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை அட்டையில் ஒட்டி மயில் செய்தார்கள், மூன்றாம் நாள் வீட்டில் ஒட்டவோ வெட்டவோ எதுவும் மிச்சமில்லை என்றானபோது, சரி, கப்பல் விடலாம் என்றாள் மங்கை.

செய்தித்தாள் கப்பல்கள் வாசலைத் தாண்டுவதற்குள் ஊறிப் படுத்துவிட்டன. அப்போதுதான் ஒரு பையன் சுவரைக் காட்டி, அந்தக் காலண்டர் தாள் கெட்டியாக இருக்குமே டீச்சர் என்றான். கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் வருஷாவருஷம் இலவசமாகக் கொடுக்கும் பெரிய தினசரி காலண்டர் அது, தெருவில் எல்லா வீட்டிலும் அதேதான் தொங்கியது. கிழித்த நாள்களின் தாளெல்லாம் பால் கணக்கு எழுதியும் எண்ணெய் துடைத்தும் தீர்ந்துபோயிருந்தன, இருந்தது வரப்போகிற நாள்களின் தாள். பிள்ளைகளுக்கோ கறுப்பு எண் வேண்டாமாம், விசைப்படகுகளில் எழுதியிருப்பது மாதிரி பக்கவாட்டில் சிவப்பு எண் தெரிய வேண்டுமாம். சிவப்பு எண் ஞாயிற்றுக்கிழமைக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் உண்டு. நாள் விடிவதற்கு முன்னால் தாளைக் கிழிக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இடுப்பு வலி, வெளியே ஓயாத மழை, கூடத்தில் பதினாலு வாய். "கிழிச்சுக்குங்கடா. ஞாயித்துக்கெழமைக்குத் தாள் எதுக்கு, வந்தா தெரியாதா நமக்கு?" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள்.

அவ்வளவுதான். பிள்ளைகள் வீடுவீடாகப் போய், டீச்சர் கேட்டாங்க என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லி, இருபத்தொரு வீட்டுக் காலண்டரிலும் வருஷக் கடைசி வரைக்கும் இருந்த சிவப்புத் தாள்களை உருவிக்கொண்டு வந்தார்கள். கடைசி வீடான சுலோச்சனா வீட்டுக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. சுலோச்சனாவுக்குப் பிள்ளை கிடையாது, அந்தக் காரணத்தைச் சொல்லிப் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது, அவள் கண் பட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று எல்லா அம்மாக்களும் சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னவர்களுடைய ரவிக்கைகளையெல்லாம் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். நூற்று எண்பதுக்கும் மேலான கப்பல்கள் தெருவில் ஓடிய மழைத் தண்ணீரில் வரிசைகட்டி இறங்கி, சுலோச்சனா வாசலைத் தாண்டி, படித்துறை வழியாக ஆற்றுக்குள் போயின. பிள்ளைகள் கைதட்டினார்கள், மங்கையும் தட்டினாள்.

சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் வழக்கம்போலப் படுத்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் ஒவ்வொரு கதவிலும் இரண்டு பால் பாக்கெட் தொங்கின, அதில் ஒன்று திரிந்து உப்பியிருந்தது. இரண்டு நாள் பேப்பர் கிடந்தது. சர்க்கரை ஆலைக்கு ஞாயிறு ஷிப்டுக்குக் கிளம்பிய மங்கையின் புருஷன் குமரவேலிடம், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டாராம் சூப்பர்வைசர். செல்போன்களெல்லாம் திங்கட்கிழமை என்றன. நகம் வளரவில்லை, தாடி வளரவில்லை, யாருக்கும் கூடுதலாகப் பசிக்கவுமில்லை. இருபத்தொரு வீட்டு ஜனங்களும் சனிக்கிழமையிலிருந்து நேராகத் திங்கட்கிழமைக்குள் கால் வைத்திருந்தார்கள்.

என்ன செய்வது, பிழைப்பைப் பார்க்க வேண்டாமா. இரண்டு நாள் பிள்ளைகளை அடித்தார்கள், மங்கையைத் திட்டினார்கள், திட்டி அலுத்துப்போய் அதற்கு ஏற்றபடி வாழக் கற்றுக்கொண்டார்கள். புதுக் காலண்டர் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள், பொங்கலுக்கு முன்னால் மஞ்சள் தடவிக் கும்பிட்டு மாட்டிய காலண்டர் இருக்கும்போது நடுவருஷத்தில் வந்ததை எந்த ஆணியும் ஏற்றுக்கொள்ளவில்லை. எபநேசர் வாத்தியார் குடும்பத்தோடு விழுப்புரத்தில் மச்சினி வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்த்தார், மச்சினி காலையில் வந்து பார்க்கையில் பாயில் ஐந்து தலையணைப் பள்ளங்கள்தான் இருந்தனவாம், ஆள்கள் திங்கட்கிழமை விடிந்துதான் கிடைத்தார்கள். பிறகு அவர் பாதிரியாரிடம் கெஞ்சிச் சனிக்கிழமை சாயங்காலமே ஆராதனைக்கு ஏற்பாடு செய்துகொண்டார். கறிக்கடைக்காரர் இந்தத் தெருவுக்காக மட்டும் சனிக்கிழமை ஆடு உரித்தார். ஆபீஸ் போகிற ஆண்கள் ஓய்வே இல்லாமல் போயிற்றே என்று புலம்பினார்கள், பெண்களோ எங்களுக்கு எப்போது ஞாயிற்றுக்கிழமை இருந்தது, போனது தெரிவதற்கு என்றார்கள். அக்கம்பக்கத் தெருக்காரர்கள் ஞாயிறுதோறும் குடையோடு வந்து தெருமுனையில் நின்று, காலியான தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொற்றிக்கொள்ளுமோ என்று உள்ளே கால் வைக்காமல் திரும்பினார்கள்.

அந்த நாளில் நாம் எங்கே இருக்கிறோம் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை.

மங்கையை அந்தக் கேள்வி விடவில்லை. முதல் திங்கட்கிழமை கண் விழித்தபோது, தான் கால்மாட்டில் உதறிவிட்ட போர்வை கழுத்துவரை ஒழுங்காகப் போர்த்தப்பட்டிருந்ததை அவள் கவனித்திருந்தாள். இரண்டாவது திங்கட்கிழமையும் அப்படியே இருந்தது, கட்டில் பக்கத்தில் ஒரு முக்காலியும் கிடந்தது. அதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் சுலோச்சனா தைத்து முடித்த நைட்டியைக் கொடுக்க வந்தாள். அவளைப் பார்த்ததும் மங்கைக்குக் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் வளைகாப்புக்கான பட்டு ரவிக்கையைத் தைத்தது சுலோச்சனா, தெருவெல்லாம் வந்து மங்கைக்கு வளையல் அடுக்கிய அன்று கூப்பிடப்படாதவளும் சுலோச்சனா. வேண்டாம் என்று முடிவெடுத்தது வேறு யாருமில்லை, மங்கையேதான். ஐந்து வகைச் சாதத்தைத் தூக்கில் போட்டுத் தாமரையிடம் கொடுத்தனுப்பினாள். தூக்கு கழுவித் திரும்பி வந்தது.

சுலோச்சனா உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் தான் ஒருத்திதான் தெருவில் கழித்ததைச் சொன்னாள். ஆடுமாடுகளுக்கும் கோழிகளுக்கும் காலண்டர் இல்லாததால் அவை இருந்தனவாம், கறக்க ஆளில்லாமல் எபநேசர் வீட்டு ஆடு கத்தியதைப் பொறுக்க முடியாமல் அவளே போய்க் கறந்தாளாம், ஒவ்வொரு வீட்டிலும் காலிப் பாய்க்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்ததாம். மங்கை வீட்டுப் பின்கதவின் கொக்கி சரியில்லாமல் அடித்துக்கொண்டிருக்க, சாத்திவிட்டுப் போகலாமென்று வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாளாம்.

"கட்டில்ல நீ இல்ல மங்கை. உன் புருஷன் இல்ல, தாமரை இல்ல. ஆனா போர்வை மட்டும் நடுவுல மேடா நின்னுச்சு. தலகாணின்னு நெனச்சேன். அது அசைஞ்சுது."

மங்கை வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"உதைச்சுது. நான் போர்வையத் தூக்கிப் பாக்கல, சத்தியமா. மேல கைய வெச்சேன். வெச்சா அடங்குது, எடுத்தா உதைக்குது. அதனால எடுக்கல. மறுநாள் விடியிற வரைக்கும் உக்காந்திருந்தேன். ரெண்டு வாரமும்."

நியாயமாகப் பார்த்தால் அந்தக் காலில் விழுந்திருக்க வேண்டும். பயந்தவளுக்கு நியாயம் எங்கே தெரிகிறது. "நீங்க ஏன் தொட்டீங்க?" என்றாள் மங்கை, குரல் அவளுக்கே அடையாளம் தெரியாமல் வந்தது. சுலோச்சனா நைட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். மங்கை உப்பும் மிளகாயும் எடுத்துத் தன் வயிற்றைச் சுற்றி அடுப்பில் போட்டாள், மிளகாய் நெடியே வரவில்லை என்பதைப் பார்த்துக் கண் பட்டது உறுதி என்று இன்னும் நடுங்கினாள். அப்புறம் முற்றத்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் விஷயத்தின் மறுபாதி அவளுக்கு உறைத்தது. தாள் கிழித்தபோது பிறக்காத பிள்ளை, எந்தக் காலண்டரிலும் இல்லாத பிள்ளை. தெருவே போகும் இடத்துக்கு அது மட்டும் வருவதில்லை, அது இங்கேயே தங்கிவிடுகிறது. வயிற்றுக்குள் இருக்கும்போது சரி, பிறந்த பிறகு?

செவ்வாய்க்கிழமை அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். எல்லோரும் சர்க்கரை தின்றார்கள், மங்கை விரலை மடக்கிப் புதன், வியாழன், வெள்ளி, சனி என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பால் குடிக்கும்போது அதன் கண்ணைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஐந்து நாள் குழந்தை, காலையில் அழும், எடுக்க ஆள் இருக்காது, மத்தியானம் அழும், தொண்டை கட்டும், சாயங்காலத்துக்குமேல் என்ன ஆகும் என்பதை அவள் மனம் நினைத்து முடிக்காமல் ஒவ்வொரு தடவையும் பாதியில் திரும்பியது.

குமரவேல் தன்னாலானதையெல்லாம் செய்தான். வெளியூரிலிருக்கும் தங்கை வாசுகி சனிக்கிழமை வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள், சனிக்கிழமை காலையில் தரைப்பாலம் மூழ்கி பஸ் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று நர்சைக் கெஞ்சினான், கீழ் வார்டில் தண்ணீர் ஏறிவிட்டது, நடக்க முடிந்தவர்களெல்லாம் வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். மேலத் தெருவில் தெரிந்த இரண்டு வீட்டில் கேட்டான். ஒரு வீட்டில் காப்பி கொடுத்து மறுத்தார்கள், இன்னொரு வீட்டில் காப்பி கொடுக்காமல் மறுத்தார்கள். அந்தத் தெருக் குழந்தை வந்தால் எங்கள் ஞாயிறும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

நாலு மணிக்கு மங்கை குழந்தையைத் துண்டில் சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டு, கொல்லைப்புறச் சந்து வழியாகச் சேற்றில் நடந்து, யாரும் பார்க்காமல் சுலோச்சனாவின் பின்வாசலைத் தட்டினாள். தையல் மெஷின் சத்தம் நின்றது. கதவைத் திறந்த சுலோச்சனா அவளையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நாளைக்கு ஒரு நாள்" என்றாள் மங்கை. "அக்கா, எனக்கு வேற ஆளில்ல."

வேறு ஆள் இருந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்பது அந்தப் பேச்சிலேயே இருந்தது, சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது.

"பொறவாசல்ல வந்து குடுக்கிற புள்ளைய நான் வாங்க மாட்டேன்" என்றாள் சுலோச்சனா. "நாளைக்கு இதுக்கு ஒரு தும்மல் வந்தாலும், மலடி தூக்கிட்டுப் போய்ட்டான்னு நீங்களே சொல்லுவீங்க. எனக்கும் பயமா இருக்குது, தெரிஞ்சுக்க. தெரு வழியா வா. எல்லாரும் பாக்கக் குடு."

மங்கை திரும்பிச் சந்து வழியாக வீட்டுக்குப் போய், முன்வாசலைத் திறந்து, தெருவில் இறங்கினாள். குடை பிடித்துக் கூட வந்த குமரவேலை வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. எபநேசரின் மனைவி பிலோமினா வாசலுக்கே வந்து, எங்கே போறே, வேண்டாம் டீச்சர், நல்லதில்லை என்று கையைப் பிடித்தாள். மங்கை பிடியை விலக்கி நடந்தாள். அவள் நடந்த நடையில் துணிச்சல் எதுவும் இல்லை. சுலோச்சனா வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். பிழிந்து கொண்டுவந்த தாய்ப்பால் இந்தக் கிண்ணத்தில் இருக்கிறது, தீர்ந்தால் ஆட்டுப்பாலில் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சி ஆற்றிப் பஞ்சால் கொடுக்க வேண்டும், தலை நிற்காது, தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று மங்கை சொன்னதையே மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் சுலோச்சனா தலையாட்டினாள்.

அன்று படுக்கும்போது, தூங்கினால்தானே போவோம், தூங்காமல் இருந்துவிடலாம் என்று மங்கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வாரம் எத்தனையோ பேர் செய்து பார்த்துத் தோற்ற காரியம் அது.

கண் திறந்தபோது கம்பி கையில் இருந்தது, வெளிச்சம் வந்திருந்தது, படுத்திருந்த மெத்தை சொதசொதவென்று ஊறியிருந்தது. அவள் காலைத் தரையில் வைத்தாள். கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. சுவரில் ஜன்னல் விளிம்பு வரைக்கும் பழுப்பாக ஒரு கோடு நேராக ஓடியது, தாமரையின் செருப்பு ஒன்று அலமாரியின் நடுத்தட்டில் ஏறிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்து, அவர்கள் இல்லாத வீடுகளுக்குள் இடுப்பளவு நின்றுவிட்டு, அவர்கள் திரும்புவதற்குள் வடிந்தும் போயிருந்தது. இருபத்தொரு வீட்டு ஜனங்களும் நனைந்த பாய்களில் நலமாக எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மங்கை ஓடினாள். பிள்ளை பெற்ற ஆறாம் நாள் உடம்போடு, சேற்றில் வழுக்கி, சுவரைப் பிடித்து, மறுபடி ஓடினாள். கடைசி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. தையல் மெஷின் கவிழ்ந்திருந்தது. பால் கிண்ணம் சேற்றில் பாதி புதைந்திருந்தது. சுவரில் சிவப்புத் தாளோடு காலண்டர் மட்டும் நனையாமல் தொங்கியது. உள்ளே யாரும் இல்லை, பின்கட்டிலும் இல்லை, கிணற்றடியிலும் இல்லை. பின்னால் வந்து சேர்ந்த தெரு வாசலில் நின்று, முதலில் ஆற்றைப் பார்த்தது, அப்புறம் ஒன்றையொன்று பார்த்தது. தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள், போலீசுக்குச் சொல்லலாம் என்றார் எபநேசர். மங்கை ஒரு பைத்தியக்கார வேண்டுதல் வேண்டிக்கொண்டாள், தூக்கிக்கொண்டு போயிருக்கட்டும், எங்கேயாவது உயிரோடு தூக்கிக்கொண்டு போயிருக்கட்டும் என்று.

அரை மணி நேரம் கழித்து, மேட்டுப் பக்கம் ஹைஸ்கூல் போகும் வழியிலிருந்து சுலோச்சனா வந்தாள். புடவை மார்பு வரைக்கும் சேறாகிக் காய்ந்திருந்தது. தோளில் குழந்தை, தைக்கக் கொடுத்த ரவிக்கைத் துணிகள் ஐந்தாறை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்தது. தெரு அவளுக்கு வழிவிட்டது. அவள் வேறு யாரையும் பார்க்காமல் நேராக மங்கையிடம் வந்தாள், ஆனால் உடனே நீட்டவில்லை.

"பத்து மணிக்குத் தண்ணி வந்துச்சு. தலைமேல வெச்சுத் தூக்கிட்டுப் போனேன். ஸ்கூல்ல கேம்ப் போட்டிருக்காங்க, அங்க ஒரு பொண்ணு இவனுக்கும் சேத்துப் பால் குடுத்தா." முந்தானை முடிச்சை அவிழ்த்து, காய்ந்து சுருங்கிய தொப்புள்கொடித் துண்டை எடுத்து மங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். "நேத்து விழுந்துச்சு. தாயத்துல போடுவீங்கல்ல."

மங்கை அதை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"கேம்ப்ல பேர் எழுதறவரு புள்ளையோட அம்மா பேரு என்னன்னு கேட்டாரு" என்றாள் சுலோச்சனா. இப்போது அவள் குரல் தாழ்ந்துவிட்டது, மங்கைக்கு மட்டும்தான் கேட்டது. "உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்பறம் உன் பேரச் சொன்னேன். எங்க அந்த அம்மான்னாரு. நாளைக்கு அவ வருவான்னேன்."

பிறகுதான் குழந்தையைக் கொடுத்தாள். கை மாறியதும் அது விழித்து அழுதது, சுலோச்சனாவின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பித் தேடியது. மங்கைக்கு ஆற்றைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் வந்தது. அந்த ஒரு நிமிஷம் அடுத்த வாரம் இரண்டு நிமிஷமானால்? தெருவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பேரும் சேற்றில் நின்றார்கள்.

"கிழிச்ச தாள்ல இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டாள் சுலோச்சனா.

"அஞ்சு ஞாயிறு. ஒரு கிறிஸ்துமஸ்."

சுலோச்சனா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஆறு நாள். "அப்பறம்?" என்றாள்.

அப்புறம் புது வருஷம், புதுக் காலண்டர், எல்லோருக்கும் எல்லா நாளும் வந்துவிடும், பின்வாசலும் வேண்டாம் முன்வாசலும் வேண்டாம். அதைத்தான் கேட்கிறாள் என்பது மங்கைக்குப் புரிந்தது. பிலோமினா தூரத்தில் நின்று கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"அப்பறமும் ஞாயித்துக்கெழமை இவன் உங்க வீட்டுலதான் இருப்பான்" என்றாள் மங்கை.

சொல்லும்போதே அவளுக்கு உடம்பு நடுங்கியது. நடுக்கம் நிற்கும் என்று காத்துக்கொண்டிருக்காமல், இன்னொரு தடவை, பிலோமினாவுக்கும் கேட்கும்படி, உரக்கச் சொன்னாள்.